பஸ்கால் நுரை

பஸ்காலை வெட்ட ஆட்கள் வந்தபோது அவன் தன் அம்மாவின் பீருக்குக் காற்று ஊட்டிக்கொண்டிருந்தான். முளைகட்டிய பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய சாற்றை ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைத்து, ஐஸில் ஆறவைத்து, பிறகு ஆள் உயரத்திலிருந்து நீல டிரம்முக்குள் ஊற்றினால்தான் ஈஸ்ட் மூச்சுவிடக் காற்றுக் கிடைக்கும் என்பது அம்மா மார்செலினின் முறை. அதற்கு நல்ல தோள் வேண்டும், அந்தத் தோள் மூத்தவன் பஸ்காலுக்கு இருந்தது. ஸ்டூல்மேல் நின்று அவன் அண்டாவைச் சாய்க்க, இளையவன் ரெமி கீழே டிரம்மைப் பிடித்துக்கொண்டிருக்க, ஓடக்கரைக்காரர்கள் பட்டப்பகலில் கொட்டகைக்குள் நுழைந்து, ரெமியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ்காலை முதலில் முழங்காலில் வெட்டினார்கள், அவன் சரிந்ததும் கழுத்தில் வெட்டினார்கள். கழுத்தில் வெட்டியவன் தாவீது. டிரம்மின் விளிம்பைக் கட்டிப்பிடித்துத் தலையை உள்ளே தொங்கப்போட்டபடி பஸ்கால் செத்தான், அவன் உடம்பில் இருந்த ரத்தத்தில் பெரும்பங்கு அந்தச் சாற்றுக்குள் இறங்கியது.

மார்செலின் ஈஸ்ட் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. மகனைத் தூக்கித் தரையில் கிடத்திவிட்டு, கிண்ணத்தை டிரம்முக்குள் கவிழ்த்து, மூடியை அழுத்தி மூடினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். பெற்றவள் பிள்ளையின் ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றுவாளா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எங்கள் ஊர் பாண்டிக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கம் மில் தெரு, அதுதான் நாங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடக்கரை. இரண்டு தெருவுக்கும் ஒரே கோயில், ஒரே கல்லறை, ஒரே மீன் மார்க்கெட். பகை எதனால் வந்தது என்று கேட்டால் இங்கே ஒரு கதையும் அங்கே ஒரு கதையும் சொல்வார்கள், இரண்டையும் நம்பாதீர்கள். அவர்கள் ஒருவனை வெட்டினால் நாங்கள் ஒருவனை வெட்டுவோம், நடுவில் திருவிழா வந்தால் சேர்ந்து தேர் இழுப்போம், தேர் நிலைக்கு வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

மார்செலினின் புருஷன் பிரான்சுப் பட்டாளத்தில் இருந்தவன். அவனோடு அந்த நாட்டின் வடக்கே ஒரு குளிர்ந்த ஊரில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையலறையிலேயே பீர் காய்ச்சுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். புருஷன் போனபிறகு இரண்டு பையன்களோடும் ஒரு பெட்டி கண்ணாடிச் சாமானோடும் ஊர் திரும்பி, மீன்காரர்களின் ஐஸ் பெட்டியை விலைக்கு வாங்கி, அடியில் துளைபோட்ட தட்டு வைத்து, அதில் மால்ட்டை அறுபத்தேழு டிகிரியில் ஊறவைத்தாள். மீனுக்குக் குளிரைக் காத்த பெட்டி மால்ட்டுக்குச் சூட்டைக் காத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் கொட்டகைக்கு வருகிற பழைய பட்டாளத்துக்காரர்கள், ஐரோப்பாவிலேயே இந்த மாதிரி ஏல் பீர் குடித்ததில்லை என்று மீசையைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவள் எந்தக் கருவியையும் நம்பமாட்டாள். தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டு நூறு காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

பஸ்காலைப் புதைத்து, துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகு, கொட்டகைக் கதவின் கீழே பழுப்பு நிறத்தில் நுரை வழிந்து படிக்கட்டில் இறங்கியது. டிரம் மூடியிலிருந்த காற்றுக்குழாய் பிய்த்துக்கொண்டு போய்க் கூரை ஓட்டில் செருகியிருந்தது. மார்செலின் அழுகையை நிறுத்திவிட்டு ஒரு குழல் சாற்றை எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டாள். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும் கண்ணாடி மிதவை அது; சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன மிதவை உள்ளே இறங்க வேண்டும், எண் குறைய வேண்டும். பஸ்கால் ஊற்றிய அன்று ஆயிரத்து ஐம்பத்திரண்டு இருந்தது. இவ்வளவு நுரை பொங்கிய பிறகும் அதே ஆயிரத்து ஐம்பத்திரண்டில் நின்றது.

மிதவையில் குமிழி ஒட்டித் தூக்குகிறதோ என்று அதைச் சுழற்றிவிட்டுப் பார்த்தாள். எங்கள் ஊர் வெயிலில் மூன்று கோடு கூட்டிப் படிக்க வேண்டும், கூட்டியும் பார்த்தாள், கூட்டாமலும் பார்த்தாள். சுத்தத் தண்ணீரில் விட்டால் சரியாக ஆயிரம் காட்டியது. உள்ளே இருக்கிற காகிதம் நகர்ந்திருக்குமோ என்று பெங்களூரிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்தாள், அதுவும் ஐம்பத்திரண்டு என்றது. இரண்டு மிதவையும் சேர்ந்து பொய் சொல்லாது என்று முடிவுசெய்து, டிரம்மின் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். உள்ளே புரளும் சத்தம், மாடிப்படியில் மூட்டை தூக்கும்போது பஸ்கால் விடும் மூச்சுப் போலவே இருந்தது என்று ரெமியிடம் சொன்னாள். ரெமி டிரம்மில் காதை வைத்துக் கேட்டான், அண்ணன்தான் என்றான்.

நுரை தெருவுக்கு வந்தது. முதலில் கோழிகள் தின்றன, பிறகு முனை பேக்கரி சேசுராஜ் ஒரு சட்டியைக் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போய் மாவில் விட்டான். காபி குடித்து முடிப்பதற்குள் மாவு தொட்டியை விட்டு எழுந்தது, வெந்து வந்த ரொட்டி மெத்தென்று, லேசான உப்போடு, இதுவரை எங்கள் வாயில் பட்டதெல்லாம் ரொட்டியே இல்லை என்பதுபோல இருந்தது. பெண்கள் ஆப்பத்துக்குக் கள் தேடி அலைவதை விட்டுவிட்டு மார்செலின் வீட்டு வாசலில் சொம்போடு நின்றார்கள். பஸ்கால் நுரை என்று பெயர் வந்துவிட்டது. "ஒரு கரண்டி பஸ்கால் இருந்தா குடுங்கக்கா, நாளைக்கித் தரேன்" என்று வீட்டுக்கு வீடு கடன் வாங்கினார்கள். செத்தவனின் நுரையை உண்ணலாமா என்று பங்குச்சாமி ஒரு பிரசங்கம் முழுக்க யோசித்தார், அன்று காலை ஆப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் யோசித்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்தார், ஜீப் எல்லாம் நுரையாகிவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டு இரண்டு ரொட்டியோடு கிளம்பினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் ரொட்டி போனது. ஓடக்கரைப் பிள்ளைகள் அதை டீயில் தோய்த்துத் தின்றன, தாவீதின் வீட்டிலும் தின்றார்கள். சேசுராஜிடம் கேட்டால் பசிக்கு எந்தத் தெரு என்பான்.

பிறகு நுரை தளர்ந்தது. மிதவை ஒவ்வொரு கோடாக இறங்கி நாற்பதுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது. மார்செலினுக்கு அதில் துக்கமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. பிள்ளை களைத்துவிட்டான், இனி தூங்குவான் என்று மெழுகுவர்த்தி வாங்கி வைத்தாள். அந்த வாரம்தான் எங்கள் ஆட்கள் மீன் மார்க்கெட்டில் ஓடக்கரையின் லூக்காஸை மடக்கி, மீன் வெட்டும் கட்டையிலேயே தலையை வைத்து அழுத்தி, மீன் வெட்டும் கத்தியாலேயே வெட்டினார்கள். வாங்க வந்தவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்கள், முடிந்ததும் கட்டையைக் கழுவச் சொல்லி வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார்கள். அதே நேரத்தில் மார்செலினின் டிரம் உறுமி எழுந்து மூடியைத் தள்ளியது. அவள் அளந்தாள். திரும்ப ஐம்பத்திரண்டு.

அடுத்தது எங்கள் முறை, அதாவது சாகும் முறை. ஓடக்கரைக்காரர்கள் எங்கள் எடுவார்டை அவன் ஆட்டோவுக்குள்ளேயே வைத்துக் கொளுத்தினார்கள். டிரம் பொங்கியது, கோழிகள் ஓடிவந்தன. அதற்குப் பிறகு அவர்களில் ஒருவன், எங்களில் ஒருவன், ஒவ்வொரு தடவையும் மிதவை மேலே வந்தது, ஒவ்வொரு தடவையும் மறுநாள் ரொட்டி இன்னும் மெத்தென்று இருந்தது. இதையெல்லாம் யாரும் கூட்டம்போட்டுப் பேசவில்லை. மழை வந்தால் குடை எடுப்பதுபோல எங்களுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. நுரை கொஞ்சம் இறங்கினால் பெண்கள் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு, "என்ன, இந்தப் பசங்க சும்மாவே சுத்திக்கினு கெடக்குதுங்க" என்று முணுமுணுப்பார்கள். எழவு வீட்டில் அழுதுவிட்டு வந்த கையோடு மாவு கரைப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி நான் சொல்லவில்லை, எங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்செலின் ரொட்டி தின்னவே இல்லை. அவளுக்கு வேறு கணக்கு ஓடியது. எங்கள் பக்கத்தில் அடுத்து இறங்க வேண்டியவன் ரெமி. அண்ணனை வெட்டின தாவீதைத் தம்பிதான் வெட்ட வேண்டும், அந்த உரிமையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் ஆட்களைக் கூட்டி நடத்துகிற ஜெர்வாஸ் இவ்வளவு நாளும் காத்திருந்தான். தாவீது செத்தால் அதற்குப் பதிலாக ரெமி சாவான். தாவீது முந்திக்கொண்டால் அப்போதும் ரெமி சாவான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு இருக்கிற ஒரே பிள்ளையும் போகப்போகிறான், இது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ரெமியிடம் தெருவே பிரியமாகிவிட்டது. கறிக்கடையில் அவனுக்கு ஈரலாகப் பார்த்து எடுத்து வைத்தார்கள். சாணை பிடிப்பவன் அவன் கத்தியை வாங்கித் தானாகவே தீட்டிக் கொடுத்தான். அவன் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பெண்கள் அவன் கன்னத்தைத் தடவிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்படித் துடைத்துக்கொண்டதை மார்செலின் பார்த்தாள்.

நுரை மறுபடி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு நாள் சேசுராஜ் வாசலில் வந்து நின்றான்.

"மார்செலின், நுர எறங்கிக்கினே போவுது. ஞாயித்துக்கெழம பிள்ளைங்களுக்குப் புதுநன்மை. ரெண்டு தெருவுக்கும் ரொட்டி ஒத்துக்கினேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணும் செய்ய வாணாம்." அவன் தலையைச் சொறிந்தான். "ரெமி எப்பன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் கெட்டவன் இல்லை. பஸ்காலின் சவப்பெட்டிக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவன் அவன்தான். மார்செலின் அவனை உட்காரச்சொல்லித் தண்ணீர் கொடுத்தாள், ஞாயிற்றுக்குள் தெரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு உள்ளே போய் ரெமியிடம் பேசினாள். பாண்டியில் அவள் தங்கை வீடு இருக்கிறது, அங்கே போய்விடு என்றாள். அங்கே போனாலும் வருவார்கள் என்றான். அப்படியானால் இந்த டிரம்மை முடித்துவிடுகிறேன், நுரை நின்றால் தெருவுக்கும் வெறி நிற்கும் என்றாள்.

"எப்பிடி முடிப்ப?"

"காய்ச்சுவேன். அறுவதத் தாண்டினா ஈஸ்ட் செத்துடும்."

"அண்ணன் அதுல இருக்கான்மா."

"தெரியும்டா. நான்தான பக்கத்துல படுத்துக்கெடக்கறேன்."

"இன்னொரு வாட்டி அவன சாவடிப்பியா நீ?"

அவன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டான். சனிக்கிழமை மத்தியானம் வாய்க்கால் பாலத்தில் தாவீது தனியாக வருவான் என்று ஜெர்வாஸ் அவனிடம் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலையில் மார்செலின் குளித்து, பூசைக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கொட்டகையின் பெரிய கேஸ் அடுப்பை மூட்டினாள். ஒரு பர்னரில் சாமான் கழுவ வெந்நீர் வைத்தாள், எப்போதும் வைப்பதுதான். இன்னொன்றில் பெரிய அண்டாவை வைத்து, டிரம்மிலிருந்து குழாய்போட்டுச் சாற்றை இறக்கினாள். அண்டாவுக்குள் இறங்கும்போதே அது நுரைத்தது. முப்பத்தைந்து டிகிரியில் குதித்தது, நாற்பதில் அலறியது. நான் சொல்வதை நம்புங்கள், அந்த அலறலைக் கேட்டுத்தான் தெரு முழுக்க வெளியே வந்தது. சூட்டில் ஈஸ்ட் முதலில் வெறிகொள்ளும், அப்புறம்தான் சாகும் என்பது அவளுக்குத் தெரியும், அவள் அகப்பையால் கிளறிக்கொண்டே இருந்தாள், கிளறக் கிளற அழுதாள், "கொஞ்ச நேரம்தான் கண்ணு, கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கிளறினாள்.

வாசலில் சொம்போடு வந்தவர்கள்தான் முதலில் கத்தினார்கள். அடுப்பை அணைடி என்றார்கள், பெத்த வயிறாடி அது என்றார்கள், நாளைக்குப் பிள்ளைங்க எதைத் திங்கும் என்றார்கள். அவள் உள்ளிருந்து தாழ் போட்டிருந்தாள். சேசுராஜ் முதல் கல்லை எறிந்தான், அது ஜன்னல் வழியாக வந்து டிரம்மில் பட்டது. இரண்டாவது கல் யாருடையது என்று தெரியவில்லை, அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கித் தெர்மாமீட்டர் சிவப்பாகத் தெரிந்தது, அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் படித்தாள். நாற்பத்தெட்டு.

பாலத்துக்குப் புறப்பட்ட ரெமி அந்த அலறலைக் கேட்டுத் திரும்பி ஓடிவந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது, கதவை உடைக்க மூன்று நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். ரெமி உள்ளே பாய்ந்து அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் விழுந்து எழுந்தாள். அவன் கத்தியை உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நவுரும்மா. அண்ணன் கத்துறாம்மா. நவுரு."

"வெட்டறதுன்னா வெட்டிட்டு அணை."

அவனால் முடியவில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி, அடுப்பைத் தாண்டிச் சிலிண்டர் வால்வைத் திருகக் குனிந்தான். மார்செலின் அந்தக் கையைப் பிடித்தாள். மால்ட் மூட்டை தூக்கிப் பழகின உடம்பு அவளுக்கு. மணிக்கட்டைச் சிமெண்டு மேடையில் அழுத்தி, அதன்மேல் முழங்காலை ஊன்றி, பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு சொம்பு மொண்டு அவன் விரல்களின் மேல் ஊற்றினாள். அண்டாவில் இருந்ததை எடுக்கவில்லை, அண்ணனைக் கொண்டு தம்பியைச் சுட அவளுக்கு மனமில்லை. அவன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவள் இரண்டாவது சொம்பு மொண்டாள். தோல் உறைபோலக் கழன்று வந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது சொம்பையும் ஊற்றினாள், விரல்கள் தாமாக மடங்கி, மடங்கினபடியே நின்றுவிட்டன. பிறகுதான் முழங்காலை எடுத்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, இரண்டு தெருவும் மீறாத ஒரே வழக்கம் அதுதான். வலது கையால் கத்தி பிடிக்க முடியாதவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவன் வெட்டவும் கூடாது, அவனை வெட்டவும் கூடாது, பெண்களோடும் பிள்ளைகளோடும் சேர்த்தி. படகு மோட்டாரில் விரல் போனவர்கள், பட்டாசில் கை போனவர்கள் எல்லாம் அப்படித்தான் எங்கள் ஊரில் வயசாகிச் செத்திருக்கிறார்கள். ஜெர்வாஸ் உள்ளே வந்து, தரையில் துடிக்கிற ரெமியின் கையைப் புரட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காறித் துப்பிவிட்டு வெளியே போனான். அவன் போனதும் மற்றவர்களும் போக ஆரம்பித்தார்கள்.

மார்செலின் மகனின் கையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் கிளறினாள். ஐம்பத்தைந்தில் அலறல் முனகலாகியது. அறுபதில் ஒருமுறை மொத்தமாக எழும்பி, அண்டாவின் விளிம்புவரை வந்து நின்று, பிறகு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை, நன்றாகக் கொதிக்கவிட்டாள். ஆறினதும் பழக்கதோஷத்தில் ஒரு குழல் எடுத்து அளந்தாள், எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை. குடம் குடமாகக் கல்லறைக்கு எடுத்துப்போய்ப் பஸ்காலின் குழிமேல் ஊற்றினாள், மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

புதுநன்மை அன்று ரொட்டி எழும்பவில்லை. முதல்முறை நற்கருணை வாங்கிவிட்டு வந்த, வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஓடுபோன்ற ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு அழுதார்கள். கடைக்காரர்கள் மார்செலினுக்குச் சாமான் போடுவதை நிறுத்தினார்கள், கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தாவீது ஒரு நாள் வாய்க்காலைத் தாண்டி வந்து, ஜன்னல் வழியாக ரெமியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அதன் பிறகு கொலை நின்றுவிட்டதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. குறைந்தது. ரொட்டிக்கு ஆகாத கொலையில் எங்களுக்கு முன்போல ருசி இல்லை.

ரெமி அம்மாவிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், காய்ச்சல் வந்தது, இறங்கியது. இடது கையால் சாப்பிட அவன் பழகவில்லை, பழகவும் மறுத்தான். அவள் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள், அவன் வாயை இறுக்கிக்கொள்வான், அவள் ஆறும்வரை காத்திருந்து, எடுத்துப்போய்ச் சுடவைத்துக்கொண்டு திரும்ப வருவாள். அப்படி ஒரு மத்தியானம் அவன் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"உன்னக் கொல்லணும்னு இருக்குது."

மார்செலின் கரண்டியை ஊதினாள். "சரி. கை ஆறட்டும்," என்றாள். "இப்ப வாயத் தொற."

அவன் வாயைத் திறந்தான்.